காப்பிக் கழிவுநீரில் பாசி வளர்த்து டீசல் எடுக்க முடியுமா?

பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இருபது காப்பி விவசாயிகள் சேர்ந்து பொதுவில் ஒரு பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) போடுகிறோம். சீசனில் நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் கழிவுநீர் வரும் போலிருக்கிறது. கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, பத்து சென்ட்டில் பாசிக் குளம் வெட்டினால் தண்ணீரும் சுத்தமாகிவிடும், பாசியிலிருந்து டீசலும் வரும், குளத்துச் செலவை அதுவே அடைத்துவிடும் என்கிறார். நம்பலாமா ஐயா?"

தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வதைப் பாதி நம்பலாம், தம்பி. டீசலை மறந்துவிடுங்கள். ஆனால் உங்கள் கழிவுநீரில் எரிபொருள் இருக்கிறது. அது பாசியில் இல்லை, பாசிக்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். நீலகிரியில் ஒரு ஆலையின் கழிவுநீர் நிலையத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். பாசித் தொட்டி வைத்து இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணம். பாசி அழுக்கைத் தின்னும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பழத்தைப் பல்ப்பரில் விட்டு, கொட்டையின் வழவழப்பைக் கழுவி எடுக்கும்போது தண்ணீரில் கலப்பவை பெரும்பாலும் சர்க்கரையும், அந்த வழவழப்பைத் தரும் பெக்டினும். இவற்றைத் தின்பது பாக்டீரியா. தின்பதற்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஓடையில் விட்டால் ஓடையின் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும், மீன் செத்து மிதக்கும், தண்ணீர் கறுத்து நாறும். பி.ஓ.டி. என்று சொல்கிறார்களே, ஒரு லிட்டர் தண்ணீரின் அழுக்கைத் தின்று முடிக்க எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்ற கணக்குதான் அது. ஓடையில் விடும் தண்ணீரில் 30க்கு மேல் இருக்கக்கூடாது, நிலத்தில் பாய்ச்சுவதென்றால் 100 வரை இருக்கலாம் என்பது சட்டம். பல்ப்பர் தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பாசி இதில் என்ன செய்கிறது? வெயிலில் ஆக்சிஜன் விடுகிறது. பாக்டீரியா அதை எடுத்துக்கொண்டு சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவை விடுகிறது. பாசி அந்த வாயுவை வாங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் சேர்த்துத் தன் உடம்பை வளர்க்கிறது. கலிபோர்னியாவில் ஆஸ்வால்ட் என்ற பேராசிரியர் 1950களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீளவாக்கில் வளைந்து ஓடும் ஆழமில்லாத குளம், நடுவில் தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரம் என்று இன்றைக்கு விற்பனைக்காரர் காட்டும் படம் அவர் வழி வந்ததுதான். நம்மூரிலும் இது புதிதில்லை. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுக்கும் ஓர் ஆலையின் அமிலக் கழிவுநீரைச் சரிசெய்யச் சென்னை விவேகானந்தா கல்லூரி ஆய்வாளர்கள் பாசியைப் பயன்படுத்தினார்கள். ஆகவே முறை பொய்யில்லை. உங்கள் பத்து சென்ட்டுக்கும் உங்கள் தண்ணீருக்கும் அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

பத்து சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். நல்ல வெயில் ஊரில், நன்றாக நடக்கும் குளத்தில், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15, 20 கிராம் உலர்ந்த பாசி எதிர்பார்க்கலாம். மலையில் 10 கிராம் வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். அப்படியானால் நாளுக்கு 4 கிலோ. ஒரு கிலோ பாசி உண்டாகும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோ ஆக்சிஜன் வெளிவரும். ஆக 6 கிலோ ஆக்சிஜன்.

உங்கள் பத்தாயிரம் லிட்டரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். பல்ப்பர் தண்ணீருக்கு இது ஒன்றும் அதிகமில்லை. நாளுக்கு 30 கிலோ ஆக்சிஜன் வேண்டும். குளம் தருவது 6. பந்தியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, ஆறு பேருக்குத்தான் சோறு வடித்திருக்கிறோம். நேரடியாகக் குளத்தில் விட்டால் பச்சையாகாது, பழுப்பாகிப் புளித்து நாறும். அதோடு இந்தத் தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4 வரை இறங்கிக் கிடக்கும் (7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு), நிறமும் கறுப்பு. வெளிச்சமே உள்ளே போகாத தண்ணீரில் பாசி எங்கிருந்து வளரும்?

சரி, டீசலுக்கு வருவோம். 4 கிலோ உலர்ந்த பாசியில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று தாராளமாகவே வைக்கலாம். 800 கிராம் எண்ணெய். முழுவதையும் பிழிந்து எடுத்து, மெத்தனால் சேர்த்து மாற்றினால்கூட ஒரு லிட்டர் பயோடீசல் தேறாது. துடுப்புச் சக்கரத்துக்கு அரைக் குதிரைத்திறன் மோட்டார் போட்டு இரவு பகலாக முழுச்சுமையில் ஓட்டினால் 9 யூனிட் கரண்ட். சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் ஊற்றினால் 3 யூனிட் கிடைக்கும். கால் சுமையில் மோட்டார் ஓடினாலும் கிடைத்ததெல்லாம் அதற்கே போய்விடும்.

இதில் அறுவடையை நான் சேர்க்கவே இல்லை. பார்க்கக் குளம் பச்சைக் குழம்பு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு லிட்டரில் அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம்தான் பாசி. ஒரு கிலோ எடுக்க ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். குளோரெல்லா மாதிரி நுண்பாசி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுதான். வேட்டித் துணியில் வடிகட்டினால் அப்படியே இறங்கிவிடும். (ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியைத் துணியில் அள்ளலாம். ஆனால் அதற்குக் காரமான உப்புத் தண்ணீர் வேண்டும், காப்பித் தண்ணீர் ஆகாது.) படிகாரம் போட்டுப் படியவைக்கலாம். முருங்கை விதைத் தூளும் வேலை செய்யும். கலங்கல் கிணற்றுத் தண்ணீரில் நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து விட்டார்களே, அதே தத்துவம்தான். பிறகு அந்தச் சேற்றைக் காயவைக்க வேண்டும். மார்கழி மூட்டத்தில் களத்தில் காப்பியையே காயவைக்க முடியாமல் தவிக்கிறோம், இதில் பாசியை எங்கே காயப்போடுவது?

பெரிய கைகள் இதில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசி எண்ணெய்க்கென்றே ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடத்தியது. நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் என்ற ஊரில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் வெட்டிப் பார்த்தார்கள். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரைகூட வந்தது. வருஷச் சராசரியோ 10 கிராம் அளவில்தான் நின்றது. காரணம் பாலைவனத்து இரவுக் குளிர். விற்பனைக்காரர்கள் அந்த 50ஐத்தான் அச்சடித்துக் கொடுப்பார்கள், 10ஐச் சொல்ல மாட்டார்கள். அதற்கப்புறம் 2009இல் எக்ஸான்மொபில் எண்ணெய்க் கம்பெனி பெரும்பணம் போட்டு இதே வேலையில் இறங்கி, 2023இல் விலகிக்கொண்டது. எண்ணெய் வியாபாரமே தொழிலாகக் கொண்டவர்கள் கைகழுவியதை இருபது விவசாயிகள் பத்து சென்ட்டில் சாதிக்க வேண்டியதில்லை.

குளிர் என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. கோத்தகிரிக்கு மேலே, ஆலையின் பின்பக்கம் இரண்டு சிமென்ட் தொட்டியில் பாசி வைத்தேன். பிப்ரவரியில் ஆரம்பித்தது, மே வரை அருமையாக இருந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கி மூட்டம் கட்டியதும் பச்சை வெளுத்தது. டிசம்பரில் உறைபனி விழுந்தபோதுதான் புத்தி வந்தது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பாசியின் வளர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பனிக்கால மலை வெயில் இன்னொரு விதத்தில் கெடுக்கும் என்பது தெரியாது. காலையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்க, மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிரில் முடங்கிக் கிடக்கும் பாசியால் அத்தனை வெளிச்சத்தைச் செரிக்க முடியாமல் அதன் பச்சையமே சேதமாகும். வெயில் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மஞ்சளாகிறது என்று ஒரு வாரம் குழம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை நடந்தது இதைவிட வேடிக்கை. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கிறது. பாசி தானாகப் படிந்துவிட்டது, அறுவடைப் பிரச்சினை தீர்ந்தது என்று மேலதிகாரியைக் கூட்டிவந்து வேறு காட்டிவிட்டேன். ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்துகின்றன நீர்த்தெள்ளுகள். மூன்று நாளில் மொத்தப் பாசியையும் மேய்ந்து முடித்திருக்கின்றன. திறந்த குளத்தில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். எந்த விற்பனைத் தாளிலும் இது இருக்காது.

பழனி மலைக்கு வருவோம். உங்கள் பக்கம் ஊட்டி அளவுக்கு உயரமில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை எல்லாம் கீழ்மலை. அந்த விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆனால் அரபிக்கா பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழையும் மூட்டமும் குளிரும் அதே மாதங்களில்தான். அதாவது கழிவுநீர் பெருக்கெடுக்கும்போது பாசி தூங்கும். பாசி துள்ளும் மார்ச், ஏப்ரலில் பல்ப்பர் மூடிக் கிடக்கும். கம்பெனிக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் காட்டிய கணக்கு எந்த மாதத்துக் கணக்கு என்று.

அப்புறம் எரிபொருள் எங்கே என்று கேட்பீர்கள். சாண எரிவாயுக் கலம் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். காற்றுப் புகாத தொட்டியில் வேறு வகைப் பாக்டீரியா சர்க்கரையை மீத்தேனாக மாற்றும். ஆக்சிஜனே வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். தண்ணீர் கறுப்பாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சி.ஓ.டி. என்பது பாக்டீரியாவுக்குப் பதில் ரசாயனத்தால் அழுக்கை எரித்து அளக்கும் ஆக்சிஜன் கணக்கு. உங்கள் பத்தாயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 50 கிலோ சரக்கு. அதில் 35 கிலோவைக் கலம் செரித்தால், கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் சுமார் 12 கன மீட்டர் மீத்தேன். சமையல் எரிவாயுக் கணக்கில் 9 கிலோ. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, அதில் பாதிக்கு மேல், ஒவ்வொரு நாளும். குளிரில் பாதிதான் கிடைக்கும் என்று கழித்தாலும், பாசி தரும் ஒரு லிட்டருக்குக் குறைவான எண்ணெய்க்கு இது எங்கே, அது எங்கே! பார்ச்மென்ட், அதாவது கழுவி எடுத்த ஓட்டோடு இருக்கும் கொட்டையை, உலர்த்தும் டிரையருக்கு இந்த வாயுவை எரிக்கலாம். மழை நாளில் களத்தை நம்பி உட்கார வேண்டியதில்லை.

இதில் தொல்லை இல்லாமலில்லை. புளித்த தண்ணீரை அப்படியே விட்டால் கலம் செத்துவிடும். சுண்ணாம்பு போட்டு பி.எச். 6.5, 7க்குக் கொண்டுவந்துதான் விட வேண்டும். வருஷத்தில் மூன்று மாத வேலை என்பதால், சீசனுக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே சாணக் கரைசல் ஊற்றிப் பாக்டீரியாவை எழுப்பிவைக்க வேண்டும். காப்பித் தண்ணீரை முதல் நாளே முழு அளவில் விடாதீர்கள். கால் பங்கில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நாளில் ஏற்றுங்கள். தொட்டியைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைத்தால் இரவுக் குளிர் அவ்வளவாகத் தாக்காது.

இந்தக் கலம் பி.ஓ.டி.யில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிடும் என்றால் மிச்சம் 30 கிலோவில் 6 கிலோ. பத்து சென்ட் பாசி தரும் ஆக்சிஜனும் 6 கிலோ. இப்போது பந்தியில் சோறு சரியாக வந்துவிட்டது, பார்த்தீர்களா? பாசிக்கு உரிய இடம் இதுதான். கலம் விட்டதைத் துடைத்தெடுக்கும் கடைசி ஆள். வண்டியை இழுக்கச் சொன்னால்தான் அது படுத்துவிடுகிறது.

ஆனால் அந்தக் குளத்தையும் துடுப்புச் சக்கரம் வைத்து ஓர் அடிக்கும் குறைவான ஆழத்தில் கட்டச் சொல்ல மாட்டேன். அப்படிக் கட்டினால் கிடைத்த தண்ணீரை அன்றன்றைக்கு எங்கேயாவது விட்டாக வேண்டும். 30க்குக் கீழே கொண்டுவந்தோம் என்று மார்கழியில் எந்தப் பாசியை நம்பியும் கையெழுத்துப் போட முடியாது. கீழ்மலை ஓடைகள் பல எங்கே போகின்றன? மருதாநதி அணைக்கும் ஆத்தூர் காமராஜர் அணைக்கும்தான். ஆத்தூர் அணைத் தண்ணீர் திண்டுக்கல் ஊர் குடிப்பது.

பத்து சென்ட்டில் குளத்தை ஒன்றரை மீட்டர் ஆழமாக வெட்டினால் ஆறு லட்சம் லிட்டர் பிடிக்கும். கணக்கைக் கவனியுங்கள், சீசனில் பல்ப்பர் ஓடும் நாள் அறுபது என்று வைத்தால், நாளுக்குப் பத்தாயிரம் வீதம் தண்ணீர் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஓடைக்கு ஒரு சொட்டும் விட வேண்டாம். மேல் ஒன்றரை அடியில் பாசி தானாக வரும். அடியில் வண்டல் மெதுவாகச் செரித்துக்கொண்டிருக்கும். மோட்டார் கிடையாது. டிசம்பரில் பாசி தூங்கினாலும் பரவாயில்லை, அவசரம் யாருக்கும் இல்லை. தை பிறந்து வெயில் ஏற ஏற அது விழித்துக்கொண்டு வேலையை முடிக்கும். பிப்ரவரி கடைசியில், மார்ச்சில், காப்பி மொட்டை மலரவைக்கும் பூ மழை வராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அப்போது எடுத்துத் தெளிப்பானில் விடுங்கள். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். ஆக ஆறு ஏக்கருக்கு ஒரு பூ மழை கையில் இருக்கிறது. நிலத்துக்குப் பாய்ச்சும் அளவான 100ஐ அதற்குள் எட்டுவது சிரமமில்லை. பாய்ச்சுவதற்கு முன் ஒரு முறை கட்டாயம் சோதித்துவிடுங்கள். பாசியைப் பிரிக்கவும் வேண்டாம். அதன் உடம்பில் இருக்கும் நைட்ரஜன், நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு, அப்படியே செடிக்கு உரமாகப் போகும்.

தெளிப்பான் மூக்கு அடைக்காமலிருக்க, உறிஞ்சும் குழாயை மேற்பரப்புக்கு ஒன்றிரண்டு அடி கீழே மிதவையில் தொங்கவிட்டு வலை வடிகட்டி போடுங்கள். தண்ணீரைக் காலையில் எடுங்கள். பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். 9ஐத் தாண்டிவிடும், இரவில் தானாக இறங்கும். ஆய்வாளர் மாதிரி எடுக்க மூன்று மணிக்கு வந்து, 9.6 என்று எழுதிக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு.

குளத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு அவசியம், இல்லாவிட்டால் கீழே இருக்கிறவர் கிணற்றில் ஊறும். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் சுற்றிலும் வரப்பும் வடிகாலும், மேலே இரண்டடி காலி இடமும் வேண்டும். பத்து சென்ட் சமதளம் இருந்தால்தான் இதெல்லாம். சரிவை அறுத்துக் குளம் வெட்டாதீர்கள். ஆறு லட்சம் லிட்டர் என்பது அறுநூறு டன் எடை. ஐப்பசி மழையில் அந்தக் கரை உடைந்தால் என்னாகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் தோண்டும் இயந்திரத்தை இறக்க அனுமதியும் வாங்க வேண்டும். சமதளம் இல்லையென்றால், இரண்டு மூன்று மாடிப்படித் தட்டுகளில் சின்னச் சின்னக் குளமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

விசேஷப் பாசி விதை என்று ஏதாவது விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள். திறந்த குளத்தில் வெளியாள் நிற்க மாட்டான், உள்ளூர்ப் பாசி சில வாரங்களில் அவனைத் துரத்திவிடும். அமெரிக்கத் திட்டத்துக்காரர்களும் மூவாயிரம் ரகங்களுக்கு மேல் சேகரித்துவிட்டுக் கடைசியில் இதைத்தான் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் ஊர்க் குட்டையிலிருந்து நாலு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

இன்னொருவர் இதே இழையில், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைப் பாதரசத்தையும் பாசியால் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாசி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், உண்மை. ஆனால் பாதரசம் சர்க்கரை மாதிரி அழிந்துபோகிற பொருள் இல்லை. தண்ணீரிலிருந்து பாசிக்கு மாறும், அவ்வளவுதான். அந்தப் பாசியை எரித்தால் காற்றுக்குப் போகும், உரமாகப் போட்டால் மண்ணுக்குப் போகும். 2001இல் மூடிய ஆலையின் மண் விவகாரம் வேறு ரகம், அதைப் பாசிக் குளத்தோடு சேர்க்க வேண்டாம்.

தம்பிக்கு ஒரு வேலை. கம்பெனிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வருகிற சீசனில் இப்போது இருக்கும் பல்ப்பர் ஒன்றில் தண்ணீர் மீட்டர் மாட்டி, ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று பத்து நாள் எழுதுங்கள். தோலைத் தண்ணீரில் அடித்துத் தள்ளாமல் உலர்வாகவே ஒதுக்கி உரக்குழியில் போட்டால் அழுக்கில் பெரிய பங்கு குளத்துக்கே வராது. கழுவிய தண்ணீரையே திரும்பச் சுற்றிவிட்டால் லிட்டர் கணக்கு இன்னும் இறங்கும். பத்தாயிரம் ஆறாயிரமானால் குளம் ஆறு சென்ட் போதும். அந்தக் குறிப்போடு, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எடுத்துக் கலந்த ஒரு மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஒரு ஆய்வகத்தில் கொடுத்து, பி.ஓ.டி., சி.ஓ.டி., பி.எச்., மொத்த நைட்ரஜன் நான்கும் பார்த்து எனக்கு அனுப்புங்கள். நான் மேலே வைத்துக்கொண்ட 3,000, 5,000 எல்லாவற்றையும் அடித்துவிட்டு உங்கள் எண்ணை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.